விரல் நீளத்தில் வாங்கிய மீன்

மகனின் பத்தாவது பிறந்த நாளுக்கு முதல் நாள் அது. நாம் வாழும் ஜேர்மனிய நகரின் செல்லப்பிராணிக் கடையொன்றில், நீர் நிரப்பிய பிளாஸ்ரிக் பையினுள் இரண்டு மீன்குஞ்சுகளை விட்டுத் தந்தார்கள். ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நீளம். கரிய உடலில் வெள்ளைக் கோடுகள், தலையில் சிறு புள்ளிகள், உடலுக்குப் பொருந்தாத பெரிய கண்கள். கடையிலிருந்த ஏனைய மீன்கள் ஆளைக் கண்டதும் கல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டன. இவை இரண்டும் கண்ணாடிக்கு அருகில் வந்து நின்று எம்மைப் பார்த்தன. பிள்ளையின் மனம் அங்கேயே போய்விட்டது.

"எவ்வளவு வளரும்?" என்று கேட்டோம்.

"தொட்டியின் அளவுக்குத்தான் மீன் வளரும். கவலைப்பட வேண்டாம்" என்றார் விற்பனையாளர்.

வீட்டில் 54 லீற்றர் தொட்டி ஒன்று ஏற்கெனவே இருந்தது. நீளம் 60 சென்ரிமீற்றர், அகலமும் உயரமும் முப்பது முப்பது. அதற்குள் குஞ்சுகளை விட்டோம். மூன்றாம் மாதம் அவை நடுவிரலைத் தாண்டின. ஆறாம் மாதத்தில், திரும்ப வேண்டுமானால் வாலை மடித்துத் திரும்ப வேண்டிய நிலை வந்துவிட்டது. விற்பனையாளர் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தைப் போல் மீன் வளர்ப்போரை ஏமாற்றிய வாக்கியம் வேறில்லை என்பதைப் பின்னரே அறிந்துகொண்டோம். எந்த மீனும் தொட்டியின் அளவைப் பார்த்து வளர்வதில்லை. சிறிய தொட்டியில் கழிவு மிகுந்த நீரில் அதன் வளர்ச்சி குன்றுகிறது, நோய் தொற்றுகிறது, வாழவேண்டிய காலத்துக்கு முன்னரே இறந்துபோகிறது. வளர முடியாமற்போன மீனைக் காட்டித்தான் "அளவோடு வளர்ந்திருக்கிறது" என்கிறார்கள்.

ஐரோப்பாவிலும் கனடாவிலும் எமது மக்களின் வீடுகள் பலவற்றின் வரவேற்பறையில் மீன்தொட்டி இருக்கிறது. பிள்ளைகளின் வற்புறுத்தலால் வாங்கியவையே அனேகம். அக்கடைகளில் மலிவாகவும் அழகாகவும் விற்கப்படும் இந்த ஒஸ்கார் மீனைப் பற்றி, வாங்குவதற்கு முன் எமக்கு எவரும் சொல்லாதவற்றை இங்கு எழுத விரும்புகிறோம்.

எங்கிருந்து வந்தது?

ஒஸ்கார் என்பது வியாபாரப் பெயர். விஞ்ஞானப் பெயர் அஸ்ற்றோநோற்றஸ் ஒசெலாற்றஸ். ஜேர்மனிய ஆய்வாளர்களான ஸ்பிக்ஸும் மார்ற்றியூசும் 1817 முதல் 1820 வரை பிறேசிலில் பயணம் செய்து சேகரித்து வந்த மீன்களை, சுவிற்சர்லாந்தில் பிறந்த லூயி அகாசி என்னும் அறிஞர் ஆராய்ந்தார். 1831 இல் இம்மீனை முதன்முதலாக விவரித்தவர் அவரே. பதப்படுத்தப்பட்ட உடலை மட்டுமே கண்ட அவர், இதனை ஒரு கடல் மீன் என்று எண்ணியிருந்தார்.

உண்மையில் இது அமேசன் ஆற்றுத் தொகுதியின் நன்னீர் மீன். பெரு, எக்குவடோர், கொலம்பியா, பிறேசில் ஆகிய நாடுகளில், ஓட்டம் குறைந்த கிளையாறுகளிலும், வெள்ளம் பரவி நிற்கும் காடுகளிலும், நீருள் சாய்ந்த மரக்கிளைகளின் அடியில் வாழ்கிறது. பிறேசிலில் இதனை அபயாரி என்றும் அக்கரா-அசு என்றும் அழைக்கிறார்கள். அங்கே இது சந்தையில் விற்கும் கறிமீன். ஆற்றில் 45 சென்ரிமீற்றர் வரை வளர்ந்து ஒன்றரைக் கிலோவைத் தாண்டிய மீன்களும் உண்டு. வீட்டுத் தொட்டியில் நன்கு வளர்க்கப்பட்டால் 30 சென்ரிமீற்றரை அடையும். முதலாண்டு முடிவதற்குள் 20 சென்ரிமீற்றரைத் தாண்டிவிடும். ஆயுட்காலம் பத்து முதல் பதினைந்து ஆண்டுகள். இந்த இரண்டு இலக்கங்களையும் கடையின் கண்ணாடியில் ஒட்டிவைத்தால் இம்மீனின் விற்பனை பாதியாகக் குறையும் என்பது எமது எண்ணம்.

வால் தொடங்கும் இடத்தில் கறுப்புப் பொட்டும் அதனைச் சுற்றிச் செம்மஞ்சள் வளையமும் இருக்கும். பார்ப்பதற்கு இன்னொரு கண் போலிருக்கும். ஒசெலாற்றஸ் என்ற சொல்லுக்கும் சிறுகண் உடையது என்றே பொருள். அமேசனில் செட்டைகளைக் கடித்துத் தின்னும் பிரானா மீன்களுடன் இது ஒரே நீரில் வாழ்கிறது. வாலைக் கடிக்க வரும் பிரானா, வாலிருக்கும் இடத்தில் ஒரு கண்ணைக் கண்டு தயங்குகிறது என்ற கருத்தை 1990 இல் வெளியான ஓர் ஆய்வு முன்வைத்தது.

ஒஸ்கார் சேர்ந்திருக்கும் குடும்பம் சிக்லிட். ஆயிரத்து எழுநூறுக்கு மேற்பட்ட இனங்களைக் கொண்ட இப்பெருங் குடும்பம் தென் அமெரிக்காவிலும் ஆபிரிக்காவிலும் பரந்து வாழ்கிறது. இது எமக்கு முற்றிலும் அந்நியமான குடும்பமுமல்ல. 1952 இல் இலங்கைக் குளங்களில் கொண்டுவந்து விடப்பட்ட ஆபிரிக்கத் திலாப்பியா இக்குடும்பத்தையே சேர்ந்தது. சிங்களத்தில் கொரலியா என்றும் மலையாளத்தில் கரிமீன் என்றும் அழைக்கப்படுகின்ற, இலங்கையினதும் தென்னிந்தியாவினதும் களப்புகளுக்கே உரிய மீனும் அப்படியே.

வன்னியிலோ கிழக்கிலோ கோடையில் வற்றிவரும் குளத்தின் ஓரத்தில் நடந்தவர்களுக்கு ஒரு காட்சி நினைவிருக்கும். ஆழம் குறைந்த சேற்றில் தட்டுத் தட்டாக வட்டக் குழிகள். அவை திலாப்பியாவின் ஆண் மீன்கள் வாயாற் பறித்தவை. ஒவ்வொரு குழிக்கும் ஒரு சொந்தக்காரன் உண்டு. பக்கத்துக் குழிக்காரன் கோட்டைத் தாண்டினால் உடனே பாய்வான். ஒஸ்காரின் குணமும் இதுவே. வேறுபாடு ஒன்றுதான். குளத்தில் தோற்றவன் வேறிடம் தேடிப் போகலாம்.

எட்டாம் மாதம்

எமது தொட்டியில் நடந்ததைச் சொல்லவேண்டும். இரண்டு மீன்களில் சற்றுப் பெரியது இடது மூலையைத் தனதாக்கிக்கொண்டது. அங்கே ஒரு தட்டைக் கல் இருந்தது. நாம் அழகுக்கு நட்ட செடிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி மேலே மிதக்கவிட்டது. பருக்கைக் கற்களை வாயால் அள்ளி அள்ளி வலது பக்கம் துப்பியது. சிறியது ஹீற்றரின் பின்னால், நீர்மட்டத்தை ஒட்டி நிற்கத் தொடங்கியது. சாப்பாடு போடும்போது மாத்திரம் இறங்கி வரும். அவ்வப்போது இரண்டும் வாயோடு வாய் கௌவி ஒன்றையொன்று தள்ளின. பிள்ளைகள் "முத்தம் கொடுக்கின்றன" என்று சிரித்தார்கள். நாமும் சிரித்தோம்.

எட்டாம் மாதத்தில் ஒருநாள் காலை சிறியது இறந்து கிடந்தது. வாற்செட்டை பாதி இல்லை. ஒரு பக்கத்துச் செதில்கள் உரிந்திருந்தன. பெரியது தன் கல்லின் மேல் எதுவும் நடவாததுபோல் நின்றது. மகன் அன்று பாடசாலைக்குப் போகவில்லை. "கெட்ட மீன், இதைக் கடையிற் திரும்பக் கொடுங்கள்" என்றான்.

மீன் கெட்டதல்ல. இதனை விளங்கிக்கொள்ள எமக்கு நெடுநாள் எடுத்தது. ஆற்றில் தோற்ற மீன் நீந்தி விலகிவிடுகிறது. வென்றதற்கும் அத்துடன் கோபம் தணிந்துவிடும். கண்ணாடிப் பெட்டிக்குள் தோற்றது எங்கே போகும்? வென்றதன் கண்ணுக்கோ எதிரி இன்னமும் தன் எல்லைக்குள்ளேயே நிற்கிறான். ஆகவே அடி நிற்பதில்லை. ஒன்று மறைப்புக்குப் பின் ஒதுங்கியே நிற்கிறது, உணவுக்கு மாத்திரம் வருகிறது, செட்டை கிழிந்திருக்கிறது என்றால் அது விளையாட்டல்ல. அன்றே பிரித்திருக்க வேண்டும். அதைச் செய்யத் தவறியவர்கள் நாமேயன்றி மீனல்ல.

இரண்டை வளர்க்கவே முடியாதா என்று கேட்பார்கள். ஆணும் பெண்ணுமாகச் சோடி சேர்ந்தால் முடியும். ஆனால் ஒஸ்காரில் ஆண் எது, பெண் எது என்று வெளித்தோற்றத்தில் எவராலும் சொல்ல முடியாது. இனப்பெருக்கம் செய்வோர் ஆறேழு குஞ்சுகளைப் பெரிய தொட்டியில் ஒன்றாக வளர்த்து, அவை தாமே சோடி சேரும்வரை காத்திருந்து, மீதியை வேறிடங்களுக்கு அனுப்புகிறார்கள். சோடி சேர்ந்தவை ஒரு கல்லை வாயாற் சுத்தம் செய்து ஆயிரத்துக்கு மேற்பட்ட முட்டைகளை இட்டு, இரண்டும் மாறி மாறிக் காவல் நிற்கும். கண்கொள்ளாக் காட்சிதான். ஆனால் அந்த ஆயிரம் குஞ்சுகளும் ஒவ்வொன்றும் ஓரடி வளரும் என்பதை மறந்துவிடலாகாது. ஒரு வீட்டுக்கு ஒரு தொட்டி, ஒரு தொட்டிக்கு ஓர் ஒஸ்கார். நாம் சொல்லக்கூடியது இவ்வளவே. சிறு மீன்களைத் துணைக்கு விடலாமென்று எண்ண வேண்டாம். வாய்க்குள் அடங்குவதெல்லாம் இம்மீனுக்கு உணவு.

தொட்டியும் நீரும்

அந்த மரணத்தின் பின் வீட்டில் இரண்டு வழிகள் பற்றிப் பேசப்பட்டது. மீனைக் கொடுத்துவிடுவது, அல்லது தொட்டியை மாற்றுவது. கொடுக்கலாமென்று கடைக்குப் போனோம். வளர்ந்த மீனைத் திரும்ப எடுப்பதில்லை என்றார்கள். இரண்டு கிழமை கழித்து, பாவித்த 300 லீற்றர் தொட்டி ஒன்றை விளம்பரம் பார்த்து வாங்கி, நான்கு பேராகப் படியேற்றினோம். நீளம் 120, அகலம் 50, உயரம் 50 சென்ரிமீற்றர். ஓர் ஒஸ்காருக்கு இதனிலும் குறைந்த தொட்டி போதாது. அகலம் 60 ஆக இருந்தால் இன்னும் நல்லது. உடல் ஓரடி நீளமான மீன் முட்டாமல் திரும்ப அவ்வளவு வேண்டும்.

300 லீற்றர் நீர் என்பது 300 கிலோ. கண்ணாடி, கல், தாங்கு மேசை எல்லாம் சேர்ந்தால் 400 கிலோவை நெருங்கும். அடுக்குமாடி வீடுகளில் அறையின் நடுவில் வைக்காமல் பாரம் தாங்கும் சுவரோரமாக வைக்க வேண்டும். ஜேர்மனியில் மீன்தொட்டி வைப்பதற்குப் பொதுவாக வீட்டு உரிமையாளரின் அனுமதி தேவைப்படுவதில்லை. எனினும் இவ்வளவு பாரமானதென்றால் முன்கூட்டியே சொல்லிவிடுவது நன்று. தொட்டி வெடித்துக் கீழ்வீட்டின் கூரையில் நீர் இறங்கினால் அதற்கான செலவைப் பொறுப்புக் காப்புறுதி ஏற்குமா என்பதைப் பத்திரத்தை எடுத்துப் பார்த்துக்கொள்ளவும். மூடி அவசியம். ஒஸ்கார் துள்ளும். அத்துடன் மூடியில்லாத தொட்டியிலிருந்து எழும் ஈரம் குளிர்காலத்தில் சுவரிற் பூஞ்சணம் பிடிக்கச் செய்யும்.

நீரின் வெப்பம் 24 முதல் 28 பாகை வரை இருக்க வேண்டும். 300 வாற் ஹீற்றர் நாளில் எட்டு மணித்தியாலம் இயங்கினால் 2.4 அலகு மின்சாரம். மாதத்துக்கு 72 அலகு. அறை சூடாக இருந்தால் இதனிலும் குறையும். ஹீற்றரை வடிகட்டிப் பெட்டிக்குள் வைப்பது, அல்லது உறை போட்டு வைப்பது நல்லது. எமது மீன் ஒரு ஹீற்றரைக் கல்லோடு மோதி உடைத்திருக்கிறது.

எல்லாவற்றிலும் முக்கியமானது கண்ணுக்குத் தெரியாத விடயம். ஒஸ்கார் அதிகம் தின்னும், அதிகம் கழிக்கும். அக்கழிவிலிருந்தும் செவுளிலிருந்தும் நீரில் அமோனியா சேர்கிறது. அது நஞ்சு. வடிகட்டியின் பஞ்சில் வாழும் ஒருவகை பக்ரீரியாக்கள் அமோனியாவை நைத்திரைற்றாக மாற்றுகின்றன. அதுவும் நஞ்சே. இன்னொரு வகை அதனை நைத்திரேற்றாக மாற்றுகிறது. இது நஞ்சு குறைந்தது. இதனை நீர் மாற்றி வெளியேற்ற வேண்டியது எமது வேலை. புதிய தொட்டியில் இந்த பக்ரீரியாக்கள் போதிய அளவு பெருக நான்கு முதல் ஆறு கிழமை எடுக்கும். தொட்டியை வாங்கிய அன்றே மீனை விடுவோர் பலரின் மீன்கள் இரண்டாம் கிழமையில் இறப்பதன் காரணம் இதுவே. நாம் பழைய தொட்டியின் வடிகட்டிப் பஞ்சைக் கழுவாமல் அப்படியே புதிய வடிகட்டிக்குள் வைத்தோம். அதனால் காத்திருக்கும் காலம் குறைந்தது.

ஆனால் அறிவு வந்த பின்னும் தவறு வருகிறது. ஓராண்டு கழித்து, உறவினர் வருகிறார்கள் என்பதற்காக, தொட்டியைப் பளிச்சென்று வைக்க எண்ணி வடிகட்டிப் பஞ்சு முழுவதையும் கொதிநீரிற் கழுவினோம். பஞ்சு வெள்ளையாகியது. அதிலிருந்த பக்ரீரியா அவ்வளவும் செத்தது. நான்காம் நாள் மீன் நீர்மட்டத்தில் நின்று வாயைத் திறந்து திறந்து மூடியது. சோதனைத் துளியை விட்டுப் பார்த்தபோது நைத்திரைற்றுக் குழாய் கடுஞ்சிவப்பாகியது. அன்றிரவும் அடுத்து வந்த ஒன்பது நாட்களும் காலையும் மாலையும் வாளி வாளியாக நீர் மாற்றினோம். சாப்பாட்டை நிறுத்தினோம். மீன் தப்பியது. வந்த உறவினருக்குத் தேநீர் கொடுத்ததைவிட மீனுக்கு நீர் இறைத்ததே அதிகம்.

பஞ்சை எப்போதும் தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே, வாளிக்குள், மெதுவாகப் பிழிய வேண்டும். ஒரே நாளில் முழுவதையும் பிழியக் கூடாது. கிழமைக்கு ஒருமுறை தொட்டி நீரில் கால்வாசியிலிருந்து மூன்றிலொரு பங்கை மாற்ற வேண்டும். 10 லீற்றர் வாளியால் எட்டு முதல் பத்து வாளி. இங்கிலாந்து, கனடா போன்ற நாடுகளில் குழாய் நீரில் குளோரீன் கலக்கிறார்கள். அங்குள்ளோர் அதனை முறிக்கும் மருந்தை விட்ட பின்னரே நீரை ஊற்ற வேண்டும். இந்த வாளிகளைத் தூக்க எவரும் முன்வராத வீட்டில் ஒஸ்கார் வேண்டாம்.

நீர் மாற்றுவதில் சோம்பினால் மீனின் தலையில் ஊசியாற் குத்தியதுபோற் சிறு குழிகள் தோன்றும். பின் அவை பெரிதாகும். நுண்ணுயிர் ஒன்றும் இதனோடு தொடர்புபட்டது என்பர். ஆயினும் கெட்ட நீரும் சத்துக் குறைந்த உணவுமே இந்நோய்க்கு வழிவிடுகின்றன. தொடக்கத்திலேயே கண்டு நீரையும் உணவையும் சீர்செய்தால் பெரும்பாலும் ஆறிவிடும். வடு மிஞ்சும்.

உணவு

குளிகை வடிவில் விற்கும் சிக்லிட் உணவே அடிப்படை. மீன் தன் உடலில் விற்றமின் சி ஆக்கிக்கொள்ள முடியாது. உணவில் அது குறைந்தால் ஒஸ்காரின் முதுகெலும்பு வளையும். திறந்து வைத்த பொதியில் இந்த விற்றமின் சில மாதங்களில் அழிந்துவிடும். ஆகவே மலிவாக இருக்கிறதென்று பெரிய வாளியாக வாங்க வேண்டாம். இடைக்கிடை கோதுடன் இறால், மண்புழு, தோலுரித்த பட்டாணிக் கடலை கொடுக்கலாம். மாட்டு இறைச்சியும் கோழி இறைச்சியும் கூடா. அக்கொழுப்பு மீனின் வயிற்றுக்குச் சேராதது. உயிருள்ள தங்கமீன்களை வாங்கிப் போட்டு வேடிக்கை பார்ப்போரும் உண்டு. நோய் அதன் வழியாகவே வரும். அத்துடன் தங்கமீனின் உடலில் விற்றமின் பி1 ஐ அழிக்கும் நொதியமும் இருக்கிறது. வளர்ந்த மீனுக்கு நாளுக்கு ஒருமுறை போதும். கிழமையில் ஒருநாள் பட்டினி போடலாம்.

இந்தப் பட்டினி நாளைத்தான் எமது வீட்டில் காப்பாற்ற முடியவில்லை. கோடை விடுமுறைக்கு வந்திருந்த அம்மம்மா தொட்டிக்கு முன்னால் கதிரையைப் போட்டு அமர்ந்துவிடுவார். ஒஸ்கார் ஆளை அடையாளம் காணும் மீன். உணவு தருபவரைக் கண்டால் கண்ணாடியோரம் வந்து உடலை ஆட்டும். "உவனுக்குப் பசிக்குது போல, பிள்ளை. வாயை வாயைத் திறக்கிறான்" என்பார். ஒருநாள் இடியப்பத் துண்டொன்று நீரில் மிதக்கக் கண்டோம். கேட்டால், "நான் போடேல்லை" என்றார். அந்த ஒரு மாதமும் மீன் அவரை மட்டுமே பார்த்தது.

இடத்தை மாற்றினால் கோபிக்கும். கற்களை வேறு விதமாக அடுக்கிவைத்தால் ஒரு பக்கமாகச் சரிந்து அடியிற் படுத்துவிடும். முதல் தடவை கண்டபோது இறந்துவிட்டதென்றே பதறினோம். ஒரு மணித்தியாலம் கழித்து எழுந்து, நாம் வைத்த கல்லைத் தள்ளத் தொடங்கியது. தொட்டியின் பின்பக்கத்தையாவது கறுப்புத் தாளால் மறைத்துவிடவும். சுவிற்சர்லாந்தில், நான்கு பக்கமும் உள்ளே பார்க்கக்கூடியதாகத் தொட்டி வைக்கக்கூடாது, பகலும் இரவும் மாறி வரும்படி விளக்கை அணைக்க வேண்டும் என்பது பிராணிப் பாதுகாப்பு விதிகளிலேயே இருக்கிறது. ஒதுங்க ஒரு பக்கம் கிடைத்த பின் எமது மீனும் கண்ணாடியில் மோதுவதைக் குறைத்துக்கொண்டது.

வாங்க முன் எண்ண வேண்டியவர்கள்

இவ்வளவையும் எழுதும்போது எமது மனதில் நிற்பவர்கள், அகதிகள் விடுதியின் ஓரறையிலும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும் அனுமதியிலும் வாழும் குடும்பங்கள். பிள்ளை கேட்கிறது. மீன் மலிவு. நாய் பூனை போல அனுமதிக் கேள்வியும் இல்லை. வாங்கத்தான் தோன்றும். அடுத்த ஆண்டு எந்த நகரில் இருப்போம் என்று தெரியாதவர்கள், பத்து ஆண்டு வாழும் ஓரடி மீனைத் தொடங்க வேண்டாம். குப்பி போன்ற சிறு மீன்கள் 60 லீற்றரில் மகிழ்ச்சியாக வாழும். விட்டுச்செல்ல நேர்ந்தாலும் அவற்றைக் கேட்டு வாங்க ஆள் உண்டு.

ஏனெனில், வைத்திருக்க முடியாமற் போன மீனை என்ன செய்வது என்ற கேள்விக்குச் சிலர் கண்டுபிடித்த விடை பூங்காவிலுள்ள குளம். "பாவம், சுதந்திரமாக வாழட்டும்" என்று கோடையில் விட்டுவிட்டு வருகிறார்கள். நீரின் வெப்பம் ஏறத்தாழ 13 பாகைக்குக் கீழே இறங்கினால் ஒஸ்கார் இறந்துவிடும். ஐரோப்பாவின் ஐப்பசி மாதத்தை அது தாண்டாது. பல நாட்கள் அசைவற்றுக் கிடந்து சாகும். அது சுதந்திரமல்ல.

சாகாமல் வாழ்ந்தாலும் கேடுதான். அமெரிக்காவின் புளோரிடாவில் 1950களின் இறுதியில் நீர்நிலைகளை அடைந்த ஒஸ்கார், எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலம் வரை பரவியது. ஜேர்மனியிலேயே, கேர்ல்ன் நகருக்கு அருகில், மின்னிலையத்தின் குளிரூட்டும் சூட்டு நீர் கலந்த கில்பாக் என்னும் ஓடையில், குப்பியும் திலாப்பியாவும் வரிச் சிக்லிட்டும் குடியேறிப் பெருகியதை ஆய்வாளர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள். எல்லாம் எவரோ ஒருவரின் தொட்டியிலிருந்து வந்தவை. பிராணியைக் கைவிடுவது ஜேர்மனியச் சட்டப்படி குற்றம். பிரித்தானியாவில் அந்நிய விலங்கினங்களை வெளியில் விடுவதை 1981 ஆம் ஆண்டின் வனசீவராசிகள் சட்டம் தடைசெய்கிறது. வழக்கு, அபராதம் என்று எழுத்தில் ஏறினால் அது எங்கெங்கு போய் நிற்கும் என்பதை விண்ணப்பம் நிலுவையில் உள்ளவர்களுக்கு நாம் சொல்லித் தர வேண்டியதில்லை.

வழி இருக்கிறது. ஜேர்மனியின் நகரங்கள் பலவற்றில் மீன்வளர்ப்போர் சங்கங்கள் உண்டு. அவற்றின் நாடளாவிய ஒன்றியம் 1911 இல் தோன்றியது. அங்கே போய்ச் சொன்னால், பெரிய தொட்டியுள்ள ஒருவரை அவர்களே தேடித் தருவார்கள். மொழி தடையாகுமென்று தயங்க வேண்டாம். மீனின் படத்தையும் அதன் நீளத்தையும் காட்டினால் போதும். பிராணிகள் காப்பகத்திடமும் கேட்கலாம். ஒரு நாளில் முடியாது. வீடு மாறுவதற்கு இரண்டு மூன்று மாதத்துக்கு முன்னரே தொடங்க வேண்டும்.

எமக்கும் அந்த நாள் வந்தது. மகன் படிப்பதற்கு வேறு நகரம் போனான். நாம் சிறிய வீட்டுக்கு மாறவேண்டியதாயிற்று. மீனுக்கு அப்போது ஒன்பது வயது. சங்கத்தில் ஒருவர் எடுத்துக்கொள்ளச் சம்மதித்திருந்தார். "கொடுக்க வேண்டாம், விடுமுறைக்கு வரும்போது நான் தண்ணீர் மாற்றுகிறேன்" என்றான் மகன். அன்று கடையிற் திரும்பக் கொடுங்கள் என்று அழுதவன் இவனே. விடுமுறை ஆண்டுக்கு மூன்று முறை. வாளியோ கிழமைக்கு எட்டு. ஆனாலும் சங்கத்தவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு மீனைக் கூட்டிக்கொண்டு போனோம். புதிய வீட்டில் தொட்டி வைத்த பின் எமது சாய்மனைக் கதிரைக்கு இடமில்லாமற் போனது.

கொண்டுபோன முறையையும் எழுதிவிடுகிறோம். எவருக்காவது உதவும். முதல் நாள் உணவு கொடுக்கவில்லை. மூடியுள்ள பெரிய பிளாஸ்ரிக் தொட்டியொன்றில் பழைய நீரை அரைவாசி நிரப்பி, மீனை விட்டு, இருட்டாக இருக்கக் கம்பளியால் மூடினோம். ஒஸ்கார் பிராணவாயு மிகக் குறைந்த நீரிலும் சில மணித்தியாலங்கள் தாங்கக்கூடியது. குளிர்தான் ஆபத்து. ஆகவே வண்டியின் சூட்டை முழுவதும் திறந்துவிட்டோம். வடிகட்டிப் பஞ்சைக் காயவிடாமல் வேறொரு வாளியில் நீருக்குள் வைத்தோம். பழைய நீரில் நூறு லீற்றரையும் கொள்கலன்களில் ஏற்றினோம். பாரவண்டிக்காரர் "இது என்ன, தண்ணீரையுமா கொண்டுபோகிறீர்கள்?" என்று இரண்டு முறை கேட்டார்.

இரண்டு மணித்தியாலத்தில் மீன் தன் தொட்டிக்குள் இருந்தது. உடனே ஒரு பக்கமாகச் சரிந்து படுத்துக்கொண்டது. அன்று முழுவதும் எழும்பவில்லை. அடுத்த நாளும் உணவை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. மகன் தொலைபேசியில் மூன்று தடவை கேட்டான். மூன்றாம் நாள் காலை விளக்கைப் போட்டபோது, நாம் இடது மூலையில் அடுக்கிவைத்திருந்த கற்களில் இரண்டு இடம் மாறியிருந்தன. தட்டைக் கல்லின் மேல் மீன் நின்றது.